அசையாமல் உட்கார்ந்தவள்

பத்தொன்பது வருடமாக நான் உட்கார்ந்துகொண்டிருக்கிறேன். அதுதான் என் வேலை. கலைக் கல்லூரியின் பெரிய ஹாலில் மரமேடைமேல் ஒரு நாற்காலி போட்டிருக்கும். நான் அதில் உட்காருவேன். சுற்றிலும் இருபது பிள்ளைகள் என்னைப் பார்த்து வரைவார்கள். நாற்பது நிமிடம் உட்கார வேண்டும், பத்து நிமிடம் ஓய்வு, மறுபடி நாற்பது நிமிடம். ஓய்வுக்கு எழுந்து போகும்போது என் பாதம் இருந்த இடத்தைச் சாக்குக்கட்டியால் சுற்றி வரைந்து வைப்பார்கள். எனக்கு அந்தக் கோடு தேவைப்பட்டதே இல்லை. கன்னத்தில் ஈ உட்கார்ந்தாலும் என் கன்னம் அசையாது. எங்கள் ஓவியத் துறைத் தலைவர் நிர்மால்ய பாபு புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் சொல்வார்: "பாருல் மாதிரி உட்கார இந்தக் கல்கத்தாவுல ஆள் கிடையாது."

அதைக் கேட்கும்போதெல்லாம் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிரும். என் முகவெட்டும் அப்படி. உயர்ந்த கன்ன எலும்பு, நீண்ட கழுத்து. களிமண்ணிலும் எண்ணெய் வண்ணத்திலும் என்னை எத்தனை பேர் செய்து பார்த்திருப்பார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை. நான் குடியிருக்கும் தால்தியில் எங்கள் தெருக்காரர்களுக்கு நான் 'காலேஜில் வேலை பார்க்கிறவள்'. என்ன வேலை என்று கேட்க வீட்டில் ஆளில்லை. புருஷன் போய்ப் பல வருடம் ஆகிறது, மகளை பாராசாத்தில் கட்டிக்கொடுத்துவிட்டேன்.

நமிதாவை அங்கே கூட்டிக்கொண்டு போனதே நான்தான்.

நமிதா எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி இருப்பவள், என்னைவிட ஆறேழு வயது சின்னவள், என்னைத் தீதி, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவாள். அவள் புருஷன் சுபல் ஸ்டேஷன் வாசலில் சைக்கிள் வேன் மிதிக்கிறான், பின்னால் பலகை போட்டு ஆளேற்றும் மூன்று சக்கர வண்டி. அவள் தினமும் கேனிங் லோக்கல் ரயிலில் ஏறி கல்கத்தாவில் கரியாஹாட் பக்கம் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. எலும்பு சேர்ந்தும் துணி பிழியப் பலம் வரவில்லை. ஒவ்வொரு வீடாக அவளை நிறுத்திவிட்டார்கள். எனக்குப் பாவமாக இருந்தது. நிர்மால்ய பாபுவிடம் சொன்னேன்.

"பாருல், அவளுக்கு உட்காரத் தெரியுமா?"

"நான் சொல்லித் தர்றேன் பாபு."

சொல்லித் தந்தேன். வரவில்லை. நமிதாவுக்குப் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் அசையாமல் இருக்க முடியாது. மூக்கைச் சொறிவாள். வரைகிற பிள்ளையிடம் "சாப்ட்டியாப்பா?" என்று கேட்பாள். மத்தியானத்தில் தூங்கி விழுவாள். முகமும் அப்படியொன்றும் இல்லை. அகலமான முகம், அம்மைத் தழும்பு, முன்பல்லில் சந்து, அடுப்பு நெருப்பில் பாதி கருகிப்போன ஒரு புருவம். பிள்ளைகள் அவளைப் பார்த்துச் சிரிப்பார்கள், அவளும் கூடச் சிரிப்பாள். நான் அவளுக்காகப் பரிந்து பேசுவேன். அப்படிப் பேசுவது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் சுபலிடம் அவள் சொல்லியிருந்தது வேறு. ஒரு நர்சிங் ஹோமில் ஆயா வேலை என்று. மாடல் என்றால் எங்கள் பக்கத்தில் என்ன நினைப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பொய்யைச் சொல்லச் சொன்னதும் நான்தான்.

ஜனவரியில் ஒரு மத்தியானம், டீ டம்ளரோடு கேன்டீன் பின்பக்கம் போனேன். நமிதா படிக்கட்டில் உட்கார்ந்து காகிதத்தில் பொரி வைத்துத் தின்றுகொண்டிருந்தாள், பக்கத்தில் ஒரு பச்சை மிளகாய். அவளுக்கு எதிரே கவிழ்த்த வாளிமேல் ஹிமாத்ரி உட்கார்ந்திருந்தான். புருலியாப் பையன், மூன்றாம் வருடம். அதிகம் பேசமாட்டான். விரல் நீளத்துக்குத் தேய்ந்துபோன பென்சிலைத்தான் எப்போதும் வைத்திருப்பான். வகுப்பில் அவன் பெரிய ஆள் ஒன்றும் கிடையாது. அவனுக்குப் பின்னால் ஐந்தாறு பிள்ளைகள் நின்றிருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. அந்த இடத்தில் யாரும் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

நானும் எட்டிப் பார்த்தேன்.

படம் என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை. மட்டமான காகிதம். தலைமுடியைப் போடவில்லை. ஒரு காதுதான் இருந்தது. அம்மைத் தழும்புக்கு மூன்று புள்ளிதான் வைத்திருந்தான், மற்ற தழும்பையெல்லாம் பார்க்கிற கண்ணே வைத்துக்கொண்டது. பொரி அள்ளிய கை வாய்க்குப் போகாமல் மோவாய் அருகில் நின்றிருந்தது. கண் எங்கேயோ தள்ளி. தூரத்திலிருந்து யாரோ அவள் பேரைச் சொல்லி ஒருதரம் கூப்பிட்டது போலவும், நிஜமாகவே கூப்பிட்டார்களா என்று தெரிந்துகொள்ள அவள் இரண்டாவது தரத்துக்குக் காத்திருப்பது போலவும் இருந்தது.

திஸ்தா என்ற பெண் என் பக்கத்தில் நின்றிருந்தாள். "எனக்கு இப்பவே அம்மாவுக்கு போன் பண்ணணும்போல இருக்கு" என்று சொல்லிவிட்டு நிஜமாகவே போனை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

நமிதா எழுந்து வந்து பார்த்தாள். "அய்யே, நானா இது? நல்லவேளை, பல்லு தெரியாம போட்டிருக்கான்" என்று சிரித்தாள். "தீதி, நீ சொல்லு, நல்லாருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு" என்றேன். வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. பசி என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மத்தியான வகுப்பில், ஓய்வு நேரத்தில், ஒவ்வொரு பலகையாகப் போய்ப் பார்த்தேன். பத்தொன்பது வருடத்தில் அப்படி நான் பார்த்ததில்லை. நம்மை எப்படி வரைந்தால் நமக்கென்ன என்று போய் டீ குடிப்பேன். இப்போது பார்த்தேன். என் காறை எலும்பு இருந்தது. மூக்குக்குக் கீழே விழுந்த நிழல் இருந்தது. சேலை மடிப்பு ஒன்றுவிடாமல் இருந்தது. முகம் மட்டும் நன்றாகத் தேய்த்துக் கவிழ்த்த பாத்திரம்போல் இருந்தது. இருபது பலகையிலும் அதே பாத்திரம்.

அவளுக்கு மட்டும் எப்படி? நான்தான் கூட்டிவந்தேன். உட்காரத் தெரியாதவள். பொரி தின்றுகொண்டிருந்தவள். ரயிலில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். அந்த அரைப் புருவத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். இதில் என்ன இருக்கிறது? ஸ்டேஷன் வரும்வரை அதே கேள்விதான்.

பிப்ரவரியில் வருடாந்திரக் கண்காட்சி. என்னை வைத்து ஒரு மாணவன் வரைந்த எண்ணெய் ஓவியத்தை ஹாலின் நடுச்சுவரில் மாட்டியிருந்தார்கள். ஆள் உயரம், பொன்னிறச் சட்டம். மடியில் பூசணிக்காயோடு நான். நமிதாவின் படம் கதவோரத்தில், தீயணைக்கும் சிலிண்டருக்குப் பக்கத்தில், நோட்டுப்புத்தக அளவுக்கு. நான் வேண்டுமென்றே அந்த ஓவியத்தில் இருக்கும் அதே சிவப்புக்கரைச் சேலையை உடுத்திக்கொண்டு போய், அதற்குப் பக்கத்திலேயே நின்றேன். வருகிறவர்கள் என் படத்தைப் பார்ப்பார்கள், தலையை ஆட்டுவார்கள், நகர்வார்கள். வெளியே போகும்போது கதவோரத்தில் நின்றுவிடுவார்கள். கைத்தடி ஊன்றிய ஒரு பெரியவர் வெகுநேரம் நின்றார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். என்னை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. படத்தில் இருப்பவள் பக்கத்தில் நிற்கிறாள் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை.

நமிதா எதற்கோ ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தாள். உடனே ஒரு பெண், "அம்மா! இவங்கதான்! அந்தப் படத்துல இருக்கறவங்க!" என்று கத்தினாள். நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள். அவளோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நமிதா வாளியைக் கீழே வைக்கவே மறந்துபோய், பல்சந்து தெரியச் சிரித்தபடி நின்றாள்.

மூன்றாம் நாள் ஒரு பத்திரிகையில் கண்காட்சி பற்றி எழுதியிருந்தார்கள். கேன்டீன் மேசையில் கிடந்ததைப் பிரித்தேன். பக்கத்தின் நடுவில் அந்தப் படம். கீழே ஒரு வரி. நான் எழுத்துக்கூட்டி வாசிப்பேன். 'கல்லூரியின் மாடல் நமிதா. பென்சில். வரைந்தவர் ஹிமாத்ரி மஹாதோ.' பூசணிக்காயைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

அந்தத் தாளை மடித்து என் பையில் வைத்துக்கொண்டேன். நமிதாவுக்குப் படிக்கத் தெரியாது. அவளிடம் காட்டவில்லை. வேலையை முடித்து, அவள் வருவதற்கு முந்திய ரயிலைப் பிடித்தேன்.

தால்தி ஸ்டேஷன் வாசலில் வேன்காரர்கள் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். சுபல் தன் வண்டிமேல் குத்தவைத்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். அவன் என்னை எப்போதும் அண்ணி என்றுதான் கூப்பிடுவான்.

"என்ன அண்ணி, இன்னிக்கு சீக்கிரமா? நமி எங்க?"

"வருவா. உனக்கு ஒண்ணு காட்டணும்னுதான் முன்னாடி வந்தேன். உன் பொண்டாட்டி பேப்பர்ல வந்திருக்கா."

அவன் வாங்கிப் பார்த்தான். மற்றவர்களும் தலையை நீட்டினார்கள். அவர்களில் படிக்கத் தெரிந்தவன் யாராவது இருந்திருப்பான். ஆனால் நானே விரலை வைத்து, வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். 'கல்லூரியின் மாடல் நமிதா.'

"மாடலா? அவ நர்சிங் ஹோம்லல்ல..." என்றான் சுபல்.

"அய்யோ, உனக்குத் தெரியாதா? தெரியும்னுல்ல நெனச்சேன்!" என்றேன். அந்த 'அய்யோ' இப்போதும் என் காதில் கேட்கிறது. அவ்வளவு நன்றாகச் சொன்னேன்.

ஹரேன் என்ற வேன்காரன் தொடையைத் தட்டிக்கொண்டான். "அடி சக்கை! சுபல், உன் பொண்டாட்டி மாடலாம்டா! துணியோட உக்காந்தாளா, துணியில்லாமயா? அதக் கேளு மொதல்ல!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் திரும்பிப் பார்க்காமல் வேகமாக நடந்தேன். பின்னால் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. யாரோ கெட்ட வார்த்தையில் கத்தினார்கள். அப்போதும் நான் திரும்பவில்லை.

மறுநாள் நமிதா ரயிலுக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. முதல் நாள் எனக்கு உடம்பு லேசாக இருந்தது. பெரிய ஹாலில் கல்லாய் உட்கார்ந்தேன். இரண்டாம் நாள் பயம் பிடித்துக்கொண்டது. அடித்துவிட்டானோ? அவள் வீட்டு வழியாகப் போகாமல் குளத்தைச் சுற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். மூன்றாம் நாள் காலையில் பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன். கூட்டத்தைப் பிளந்துகொண்டு, தலைக்குமேல் ஒரு பையைத் தூக்கிப் பிடித்தபடி நமிதா வந்தாள்.

"தீதி! கொஞ்சம் நகரு. முட்டை இருக்கு, இடிச்சுடாத."

அவள் முகத்தில் காயம் ஒன்றும் இல்லை. "எங்கடி போன ரெண்டு நாளா?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"அவருக்கு உதடு கிழிஞ்சு போச்சு. ஹரேனோட கட்டிப்பொரண்டிருக்காரு. தையல் போட்டு, கஞ்சி ஊத்தி... அத விடு. அவரு என்ன பண்ணாரு தெரியுமா? வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசல. பேப்பரத் தரையில விரிச்சு வெச்சுக்கிட்டு அப்படியே பாத்துக்கிட்டே இருக்காரு. இன்னிக்கு நான் செத்தேன்னு நெனச்சேன். நெனச்சுட்டிருக்கும்போதே கேக்கறாரு, இவன் வரையும்போது நீ என்ன நெனச்சுட்டிருந்தேன்னு."

"என்ன நெனச்சுட்டிருந்த?"

"வாத்துக்கூண்ட சாத்தினேனா இல்லியான்னு! அன்னிக்குக் காலைல அவசரமா ஓடி வந்தேன்ல? பொரி தின்னும்போது திடீர்னு ஞாபகம் வந்துச்சு. சாத்தினேனா, சாத்தலியா, நரி வந்து தூக்கிட்டுப் போயிருக்குமோன்னு. அதச் சொன்னேன். அந்த மனுஷன் கிழிஞ்ச உதட்டோட சிரிக்கறாரு தீதி! ஒவ்வொரு தடவ வீட்ட விட்டு வெளிய போனாலும் பாதி வழியில நின்னு இந்த மூஞ்சிதான் காட்டுவ, இருபத்தஞ்சு வருஷமா பாக்கறேன், வாத்துக்கூண்டு மூஞ்சி, இத அந்தப் பய எப்படிடி பாத்தான்னாரு. கொஞ்சம் பொறாமையாக்கூட சொன்னாரு." அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இப்ப அத அரிசிமாவுப் பசை போட்டு சுவத்துல ஒட்டியாச்சு. லட்சுமி படத்துக்குப் பக்கத்துல."

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"நீதான் பேப்பரக் குடுத்தன்னு சொன்னாரு. நீ மட்டும் சொல்லலேன்னா நான் சாகறவரைக்கும் அந்தப் பொய்யத் தூக்கிட்டுத் திரிஞ்சிருப்பேன் தீதி. எனக்கு தைரியம் கிடையாது. எனக்காக நீ சொன்ன பாரு." பையை என் மடியில் வைத்தாள். "வாத்து முட்டை. உனக்குத்தான்."

அன்று சாயங்காலம் அந்த முட்டைகளைக் கடுகெண்ணெய் ஊற்றிக் குழம்பு வைத்தேன். தொண்டையில் இறங்காது என்று நினைத்தேன். இறங்கியது. ஒன்றுவிடாமல் தின்றேன். தின்னத் தின்ன ஆத்திரம் வந்தது. நான் கல்லை எறிந்தால் அவள்மேல் பூவாய் விழுகிறது. புருஷன்காரன்கூட அவளைப் புதிதாகப் பார்க்கிறான். எல்லாம் ஒரு துண்டுப் பென்சிலால் வந்தது. அந்தப் பென்சில் என்னை ஒரு தரம் பார்த்தால் என்ன ஆகும்?

சனிக்கிழமை மத்தியானம் ஹிமாத்ரியைப் பிடித்தேன். சிறிய ஸ்டூடியோவில் தனியாக இருந்தான். காலேஜ் பிள்ளைகளுக்கெல்லாம் நான் மாஷி, அதாவது சித்தி.

"என்னை ஒண்ணு வரைஞ்சு குடு."

"உங்களயா மாஷி? இதுவரைக்கும் எத்தன தடவ வரைஞ்சிருக்கேன்."

"வகுப்புக்கு வரைஞ்ச. எனக்கு வரையல. நமிதாவ வரைஞ்ச மாதிரி வேணும்."

அவன் சிரித்துக்கொண்டே பலகையை எடுத்தான். நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். வெளிச்சம் எந்தக் கன்னத்தில் விழ வேண்டும், கழுத்தை எவ்வளவு திருப்ப வேண்டும் எல்லாம் எனக்குத் தெரியும். கண்ணைத் தூரத்தில் வைத்தேன். யாரோ கூப்பிடுவதைக் கேட்கிறவள்போல் இருந்து பார்த்தேன். அவன் கொஞ்ச நேரம் வரைந்தான், தாளைக் கிழித்தான். இன்னொன்று போட்டான், அதையும் கிழித்தான். மூன்றாவதையும் கிழித்துவிட்டுப் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டான்.

"மாஷி, நீங்க ரொம்ப நல்லா உக்கார்றீங்க."

"அது ஒரு குத்தமா?"

"குத்தம் இல்ல. ஆனா உக்காந்ததும் உள்ள கதவச் சாத்திட்டு நீங்க எங்கயோ போயிடறீங்க. நாற்காலில சேலை மட்டுந்தான் இருக்கு. நான் எத வரையறது?"

"பத்தொம்பது வருஷமா அதுக்குத்தானேப்பா எனக்குச் சம்பளம் குடுக்கறாங்க!" என்றேன். எனக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது. "இன்னொரு தடவ பாரு. ஒரே ஒரு தடவ."

அவன் நாலாவது தாளை மாட்டினான். நான் மறுபடி கழுத்தை நிமிர்த்தினேன். அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு நமிதா உள்ளே வந்தாள்.

"தீதி, இங்கயா இருக்க? ஊரெல்லாம் தேடறேன். கேட்டியா சேதி! நிர்மால்ய பாபு கூப்ட்டாரு. திங்கக்கெழமலேர்ந்து பெரிய ஹால்ல என்னை உக்காரச் சொல்லிட்டாரு. நாற்காலில! நான் சொன்னேன், பாபு, எனக்கு அசையாம இருக்க வராதேன்னு. பரவால்ல, அசைஞ்சுக்கோங்கறாரு! உன்னை மண் சிலை பண்றவங்க கிளாசுக்கு மாத்திட்டாராம். எனக்குப் பயமா இருக்கு. நீதான் வந்து பக்கத்துல நிக்கணும்."

"அப்படியா? ரொம்ப சந்தோஷம்டி" என்றேன் நான். சிரித்தேன்.

"மாஷி, அசையாதீங்க" என்றான் ஹிமாத்ரி. அவன் குரல் மாறியிருந்தது. பென்சில் காகிதத்தில் கரகரவென்று ஓடியது. நமிதா பேசிக்கொண்டே இருந்தாள், என்ன சேலை உடுத்துவது, எண்ணெய் தடவலாமா கூடாதா என்று. நான் சிரித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. அவன் கையை எடுத்துவிட்டு மூச்சு விட்டான்.

"காட்டு காட்டு!" என்று நமிதா அவன் பின்னால் போய் நின்றாள்.

அவள் குனிந்தாள். படத்தைப் பார்த்தாள். தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள். பிறகு தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போனாள். கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்தினாள்.

நான் எழுந்து போனேன்.

பத்துப் பன்னிரண்டு கோடுதான் இருக்கும். வாய் சிரித்தது. இடது ஓரத்தில் மட்டும் பென்சிலை அழுத்தி மூன்று முறை போட்டிருந்தான், அங்கே சிரிப்பு கடிக்கப்பட்டிருந்தது. கழுத்து நரம்பு ஒன்று விண்ணென்று நின்றது. கண் சிரிக்கவில்லை. அடுத்தவள் தட்டில் விழுகிற சோற்றை ஒவ்வொரு பருக்கையாகப் பார்க்கிற கண். ஓவியத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவன்கூட, எழுதப் படிக்கத் தெரியாதவன்கூட, இந்தப் பெண்ணுக்கு முன்னால் நிற்கிறவள் யாரோ அவள் ஜாக்கிரதையாக இருக்கட்டும் என்று சொல்லிவிடுவான்.

"மாஷி..." என்றான் ஹிமாத்ரி. அவனுக்கே பயமாக இருந்தது. "நான் எதையும் சேத்துப் போடல. பாத்தத போட்டேன்."

"தெரியும்" என்றேன்.

சாயங்கால ரயிலில் நமிதா எனக்கு எதிர் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். வழக்கமாகப் பக்கத்தில்தான் உட்காருவாள். சோனார்பூர் தாண்டிக் கூட்டம் குறைந்த பிறகு கேட்டாள்.

"அவர்ட்ட பேப்பரக் குடுத்தப்ப இந்த மூஞ்சியோடதான் குடுத்தியா?"

இல்லையென்று சொல்லியிருக்கலாம். பத்து நாளைக்கு முன்னால் கேட்டிருந்தால் சத்தியம் பண்ணியிருப்பேன், அவளும் நம்பியிருப்பாள். ஆனால் அவள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டாள். நானும் பார்த்துவிட்டேன்.

"ஆமா" என்றேன்.

"எனக்கு நல்லது பண்ணணும்னு இல்ல."

"இல்ல. அவன் உன்னை அடிச்சு வீட்டோட நிறுத்தணும்னுதான்."

அவள் தலையை ஆட்டினாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இறங்கும்போது என்னோடு இறங்கவில்லை, அடுத்த கதவு வழியாக இறங்கினாள். அதற்குப் பிறகு வேறு பெட்டி.

திங்கட்கிழமை பெரிய ஹாலில் அவள் உட்கார்ந்தாள். கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். அசைந்துகொண்டேதான் இருந்தாள். பிள்ளைகள் வெறிபிடித்தவர்கள்போல் வரைந்தார்கள். நான் சிற்பக் கூடத்தில் ஈரமண் வாடையில் உட்கார்ந்தேன்.

ஹிமாத்ரியிடம் போய் என் படத்தைக் கேட்டேன். கிழித்துப் போடத்தான் கேட்கிறேன் என்று அவனுக்குத் தெரியும். மறுபேச்சில்லாமல் கொடுத்தான். "உங்க மூஞ்சி மாஷி, உங்க இஷ்டம்."

வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு கையாலும் பிடித்தேன். கிழிக்க முடியவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அதில் இருந்தவள் பாத்திரம் இல்லை. பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக அந்த நாற்காலியில் ஒரு ஆள் இருந்தாள். கெட்டவளாக இருந்தாலும் இருந்தாள். பெட்டிக்கு அடியில் வைப்பேன், எடுத்துப் பார்ப்பேன், மறுபடி வைப்பேன். ஒரு வாரம் இப்படிப் போனது. பிறகு தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய் அவனிடமே கொடுத்தேன்.

"எங்க வேணா மாட்டிக்கோ. பேரு மட்டும் போடாத."

அதைப் பரீட்சைக்கு வைத்தான். நிர்மால்ய பாபு அதன்முன் நின்று எச்சில் விழுங்கியதாகத் திஸ்தா சொன்னாள். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசும்போது கொஞ்சம் யோசித்துத்தான் பேசுகிறார்.

பங்குனி வெயில் தொடங்கிய ஒரு நாள் சாயங்காலம். பெண்கள் பெட்டியில் நிற்கவே இடமில்லை. என் பக்கத்தில் இருந்தவள் பாலிகஞ்சில் இறங்கினாள். யாரோ தொப்பென்று உட்கார்ந்தார்கள். நமிதா.

"எடமில்ல. அதான்" என்றாள்.

நான் கொஞ்சம் நகர்ந்துகொண்டேன். நாலைந்து ஸ்டேஷன் போயிற்று.

"உனக்கு ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள் என்னைப் பார்க்காமலே. "நான் நாலு வீட்ல பாத்திரம் தேய்ச்சுட்டிருந்தேன்ல? அப்ப நீ வழவழன்னு தலை வாரி, குடையப் புடிச்சுக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போவ. கையில வாளி கிடையாது, நகத்துல சாம்பல் கிடையாது. மகாராணி போறான்னு எனக்கு அடிவயிறு எரியும். ஒருதரம் உன் கொடியில காஞ்ச நீலச் சேலையெல்லாம் சேறு, ஞாபகம் இருக்கா? பக்கத்து வீட்டு ஆடுன்னு போய்ச் சண்டை போட்டியே."

"ஆமா."

"ஆடு இல்ல. நான்தான். ரெண்டு கையாலயும் அள்ளிப் பூசினேன்." மூக்கைச் சொறிந்துகொண்டாள். "அப்ப என் மூஞ்சிய வரைய எவனும் பக்கத்துல இல்ல, அவ்ளோதான்."

எனக்குக் கோபம் வந்தது. அந்தச் சேலை என் மகள் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது. அந்த ஆட்டுக்காரியோடு மூன்று வருடம் பேசவில்லை நான். "பாவி மகளே!" என்றேன் சத்தமாக. நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நமிதா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் அவள் முகம் சட்டென்று பழையபடி ஆனது. "அதுக்காக நீ பண்ணது சரின்னு ஆயிடாது" என்றாள்.

"ஆகாது" என்றேன்.

பொறாமை போய்விட்டதா என்றால் போகவில்லை. பெரிய ஹாலில் பிள்ளைகள் அமைதியாகிற சத்தம் சிற்பக் கூடம்வரை கேட்கும். கேட்டதும் வயிற்றில் அதே புரளல் இன்னமும் வருகிறது. இப்போது அதைப் பசி என்று நினைத்துக்கொள்வதில்லை.

தால்தியில் இறங்கினோம். சுபல் வண்டியோடு நின்றிருந்தான். உதட்டில் தழும்பு தெரிந்தது. நமிதா அவனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாளா இல்லையா, எனக்குத் தெரியாது. அவள் ஏறிப் பலகைமேல் காலை மடக்கி உட்கார்ந்தாள். நான் நடக்கத் தொடங்கினேன்.

"அண்ணி" என்றான் அவன். முகத்தைப் பார்க்கவில்லை, ஹாண்டில் பாரைப் பார்த்துச் சொன்னான். "ரோடு தோண்டிப் போட்டிருக்கான். பின்னாடி ஏறிக்குங்க. கெட்டியாப் புடிச்சுக்குங்க."

ஏறி, காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வண்டி குலுக்கிய குலுக்கலில் அசையாமல் இருக்க யாராலும் முடியாது.